ஈசாக்கின் கிணறுகளும் நம் ஏரிகளும்



தொடக்கநூல் 26ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. ஆபிரகாமின் காலத்தில் தோண்டப்பட்ட கிணறுகளை, அவர் இறந்தபின் பெலிஸ்தியர் மண்ணைப் போட்டுத் தூர்த்துவிட்டார்கள். ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டினார். தம் தந்தை இட்ட பெயர்களையே திரும்பவும் இட்டார். இதை விவிலியம் ஏன் எழுதி வைத்திருக்கிறது? தாம்பரம் பக்கம் குடியிருக்கும் நமக்கு அது எளிதில் விளங்கும்.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரிகளின் மாவட்டம் என்பார்கள். ஆண்டில் சில வாரங்களே கொட்டும் மழையைத் தேக்கினால்தான் இங்கே பிழைப்பு. அதனால் நம் முன்னோர் சரிவான நிலத்துக்குக் குறுக்கே கரை கட்டி, மதகும் கலங்கலும் அமைத்தார்கள். மேல் ஏரி நிரம்பினால் மிகுந்த நீர் கீழ் ஏரிக்குப் போகும். இப்படிச் சேலையூர், செம்பாக்கம் எனப் பல ஏரிகளைக் கடந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேரும். 1767 முதல் 1774 வரை இப்பகுதிக் கிராமங்களைத் தாமஸ் பர்னார்டு அளந்தார். விளைச்சலைப் பங்கிடும்போது ஏரிப் பராமரிப்புக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டதை அந்தக் கணக்குகள் காட்டுகின்றன. ஏரி ஊருக்கே பொதுவான கடமையாக இருந்தது.

பிறகு வயல்கள் மனைகளாயின. பாசனம் நின்றதும் ஏரியைக் கவனிக்க ஆளில்லாமல் போயிற்று. வரத்துக்கால்வாய்கள் அடைபட்டன, ஏரிகளில் கழிவுநீர் கலந்தது. ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்திருந்த பள்ளிக்கரணை, பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. அதன் ஓரத்தில் பெருங்குடிக் குப்பை மலையாக எழுந்தது. தூர்த்த பெலிஸ்தியர் யார்? அடுத்தவரைக் காட்டுமுன் நம்மையே கேட்போம். மனை மலிவாகக் கிடைத்தபோது, அங்கே முன்பு என்ன இருந்தது என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்?

2015ஆம் ஆண்டு மே 24, தூய ஆவியார் பெருவிழா அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில் கையெழுத்திட்டார். பூமியின் அழுகுரலும் ஏழைகளின் அழுகுரலும் ஒன்றே என்பது அதன் சாரம். ஆறே மாதத்தில், திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில், டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய மழையில், ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருக்களில் படகு ஓடியது. மழை வரலாறு காணாததுதான். ஆனால் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வந்தது என்பதும் உண்மை. மாடி வீட்டுக்காரர் மாடிக்கு ஏறினார். குடிசையில் இருந்தவர் எங்கே ஏறுவார்?

ஆயினும் ஈசாக்குகளும் நம்மிடையே உண்டு. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது, வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் அந்தப் புதர்க்காட்டைப் பேணி, மரங்களை நட்டார். இன்றும் அவ்வளாகம் பசுமையாக நிற்கிறது. அவர் நம் பிரிந்த சகோதரர்களில் ஒருவர். அந்த நிழல் எல்லாருக்கும் பொது. 2019இன் கடும் வறட்சியில் சிட்லபாக்கம் மக்கள் தாங்களே ஏரியில் இறங்கித் தூர்வாரினார்கள். அதன்பின் அரசும் சீரமைப்புப் பணியை மேற்கொண்டது. 2022இல் பள்ளிக்கரணை, ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

2001இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ‘சூழலியல் மனமாற்றம்’ பற்றிப் பேசினார். மனமாற்றம் என்றால் பாவத்தை அறிக்கையிடுவதோடு பரிகாரமும் செய்ய வேண்டும் அல்லவா? மழைக்காலத்துக்கு முன் நம் வீட்டிலும் கோவில் வளாகத்திலும் மழைநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்வோம். கால்வாயில் குப்பை கொட்டாதிருப்போம். ஏரிக்கரையில் குடியிருக்கும் ஏழையை மட்டும் குற்றவாளியாக்காமல் இருப்போம்.

இன்று மாலை பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு கேள்வி கேளுங்கள்: நம் தெருவில் பெய்யும் மழை எந்த ஏரிக்குப் போகிறது? பெயர் தெரியாவிட்டால் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லிக் கொடுங்கள். ஈசாக்கும் பழைய பெயர்களை மறக்கவில்லை. ஆமென்.