திரும்பிய அம்புக்குறி

"மலருக்கு ஏதாவது எழுதிக் குடுங்க சார்" என்று சங்கச் செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். ஹாஸ்டல் கதைகளை மற்ற நண்பர்கள் எழுதுவார்கள். நான் நம் கல்லூரிக் கரும்பலகையில் பார்த்த ஓர் அம்புக்குறியைப் பற்றி எழுதுகிறேன்.

1970ஆம் ஆண்டு, விலங்கியல் வகுப்பு. எங்கள் பேராசிரியர் டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ.வுக்கு ஓர் அம்பு, அங்கிருந்து புரதத்துக்கு இன்னோர் அம்பு போட்டார். "இது ஒருவழிப் பாதை, திரும்பி வராது" என்றார். பிரான்சிஸ் கிரிக் 1958இல் எழுதியதைப் பாடநூல்கள் அப்படித்தான் சுருக்கி வைத்திருந்தன. நாங்களும் மனப்பாடம் பண்ணினோம்.

அந்தப் பாதையில் எதிர்த்திசையைக் காட்டியவர்களில் ஒருவர் ஹோவர்ட் டெமின். 1934இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்தவர். கால்டெக்கில் ரெனாட்டோ டுல்பெக்கோவிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, கோழிக்குப் புற்றுநோய் தரும் ரௌஸ் சார்கோமா வைரஸைக் கையில் எடுத்தார். 1958இல் ஹாரி ரூபினுடன் சேர்ந்து, தட்டில் வளரும் செல்களில் அந்த வைரஸ் உண்டாக்கும் திட்டுக்களை எண்ணும் முறையைக் கொண்டுவந்தார்.

1960இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஒரு புதிர் அவரை விடவில்லை. வைரஸிடம் இருப்பதோ ஆர்.என்.ஏ. ஆனால் அது தொற்றிய செல் பிரியப் பிரிய, புற்றுக்குணம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவதைத் தடுக்கும் ஆக்டினோமைசின் டி மருந்தைக் கொடுத்தால், புது வைரஸ் வருவது நின்றுபோகிறது. அப்படியானால், வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் பார்த்து ஒரு டி.என்.ஏ. பிரதி உருவாகி, செல்லின் மரபணுக்களோடு கலந்திருக்க வேண்டும் என்றார் டெமின். 1964இல் அவர் முன்வைத்த இந்தப் 'புரோவைரஸ்' கருதுகோளைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. சான்றுகள் மறைமுகமானவை என்றார்கள். அது நியாயமான ஆட்சேபணைதான். டெமின் கோபித்துக்கொண்டு வேறு வேலைக்குப் போகவில்லை. நேரடிச் சான்றைத் தேடிக்கொண்டே இருந்தார்.

ஆறு வருஷம் கழித்துக் கிடைத்தது. அவரும் சதோஷி மிசுதானியும் வைரஸ் துகள்களையே உடைத்து, டி.என்.ஏ.வுக்கான மூலப்பொருள்களைச் சேர்த்தார்கள். டி.என்.ஏ. உருவானது. ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியை முன்கூட்டியே சேர்த்தபோது, அது வெகுவாகக் குறைந்தது. ஆர்.என்.ஏ.தான் மூலப்பிரதி என்று தெரிந்துபோயிற்று. இதே முடிவைத் தனியாகக் கண்டிருந்தார் எம்.ஐ.டி.யின் டேவிட் பால்டிமோர். இருவர் கட்டுரைகளும் 1970 ஜூன் 27ஆம் தேதி 'நேச்சர்' இதழில் ஒன்றாக வந்தன. அந்த நொதிதான் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ்.

சில மாதம் கழித்து எங்கள் பேராசிரியர் சென்னைக்குப் போய், நூலகத்தில் அதைப் படித்துவிட்டு வந்தார். வந்ததும் பலகையில் அதே படத்தைப் போட்டு, ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ.வுக்கு ஓர் அம்பைத் திருப்பிப் போட்டார். "அன்னைக்கு நான் சொன்னது தப்புப்பா. நோட்டுல திருத்திக்குங்க" என்றார். ஓர் ஆசிரியர் வகுப்பில் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

"பரீட்சையில எதை சார் எழுதறது?" என்றான் ஒருவன். "சரியானதை எழுது" என்றார்.

பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தது. வெளியூரிலிருந்து வரும் எக்ஸாமினர் என்ன நினைப்பாரோ என்று பயந்து, நான் பழைய ஒற்றை அம்பையே போட்டேன். நல்ல மார்க் வந்தது. அந்த மார்க் இன்னும் உறுத்துகிறது.

டெமினுக்கு 1975இல் டுல்பெக்கோ, பால்டிமோர் இருவரோடு நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் அவர் புகைபிடிப்பதற்கு எதிராகப் பேசினார். ஒருபோதும் புகைக்காத அவரே 1994இல், 59ஆம் வயதில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். ஆனால் அவர் கண்டது நின்றுவிடவில்லை. எய்ட்ஸ் கிருமியிடமும் அதே நொதி இருந்தது. 1987இல் அனுமதி பெற்ற ஏ.இசட்.டி. மருந்து அதைத்தான் தடுத்தது. 2020இல் கொரோனாவுக்காக நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்த ஆர்.டி.-பி.சி.ஆர். பரிசோதனையில் 'ஆர்.டி.' என்பதும் அந்தத் திரும்பிய அம்புதான்.

இன்று நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். டெமினைப் போல ஆறு வருஷம் தாக்குப்பிடிக்க எல்லோராலும் முடியாது. எங்கள் பேராசிரியரைப் போல ஒரு நிமிஷம் "தப்புப்பா" என்று சொல்ல யாராலும் முடியும். எனக்குப் பரீட்சை ஹாலில் அந்த ஒரு நிமிஷத் தைரியம் வரவில்லை. உங்களுக்கு வரட்டும்.