ஐக்கிய அமெரிக்காவில் அதிகாரப் பிரிவினை

ஐக்கிய அமெரிக்காவில் அதிகாரப் பிரிவினை (வலுவேறாக்கம்) என்பது, கூட்டரசின் அதிகாரத்தைச் சட்டவாக்கம், செயலாட்சி, நீதி ஆகிய மூன்று துறைகளிடையே பகிர்ந்தளிக்கும் அரசியலமைப்பு ஏற்பாடு ஆகும். ஒவ்வொரு துறைக்கும் மற்ற இரண்டையும் ஓரளவு கட்டுப்படுத்தும் வழிகள் தரப்பட்டுள்ளன. இவை தடைகளும் சமன்களும் எனப்படுகின்றன. எனவே அமெரிக்க முறையில் அதிகாரங்கள் முற்றாகப் பிரிக்கப்படவில்லை. ஒரு துறை மற்றொன்றைத் தடுக்கக்கூடிய வகையில் ஓரளவு கலந்தே வைக்கப்பட்டுள்ளன.

தோற்றம்

பிரெஞ்சு சிந்தனையாளர் மொண்டெஸ்கியூ 1748இல் வெளியிட்ட "சட்டங்களின் ஆன்மா" என்னும் நூல் இக்கோட்பாட்டுக்கு முதன்மையான ஊற்றாகும். 1787இல் பிலடெல்பியாவில் கூடிய மாநாடு புதிய அரசியலமைப்பை வரைந்தது. அது 1789இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஆதரவாக எழுதப்பட்ட பெடரலிஸ்ட் கட்டுரைகளில், எல்லைகளைத் தாளில் எழுதிவைப்பது மட்டும் போதாது என ஜேம்ஸ் மாடிசன் வாதிட்டார். ஒவ்வொரு துறையினருக்கும் தம் அதிகாரத்தைக் காத்துக்கொள்ளும் கருவியும் அதற்கான தன்னல நோக்கமும் இருக்கவேண்டும் என்பது அவர் கருத்து.

மூன்று துறைகள்

அரசியலமைப்பின் முதல் மூன்று உறுப்புரைகள் முறையே மூன்று துறைகளை நிறுவுகின்றன.

* காங்கிரசு: சட்டமியற்றும். 435 உறுப்பினர் கொண்ட பிரதிநிதிகள் அவை (பதவிக்காலம் 2 ஆண்டுகள்), 100 உறுப்பினர் கொண்ட செனட் அவை (6 ஆண்டுகள்) ஆகிய இரண்டும் இதில் அடங்கும்.
* குடியரசுத் தலைவர்: சட்டங்களைச் செயற்படுத்துவார். பதவிக்காலம் 4 ஆண்டுகள்.
* உச்ச நீதிமன்றமும் ஏனைய கூட்டரசு நீதிமன்றங்களும்: வழக்குகளைத் தீர்க்கும். நன்னடத்தை உள்ளவரை நீதிபதிகள் பதவி வகிப்பர்.

நாடாளுமன்ற முறையில் அமைச்சர்கள் பொதுவாகச் சட்டமன்ற உறுப்பினர்களாக இருப்பர். அமெரிக்காவில் காங்கிரசு உறுப்பினர் ஒருவர் அதே வேளையில் செயலாட்சித் துறைப் பதவி வகிக்க முடியாது.

தடைகளும் சமன்களும்

காங்கிரசு நிறைவேற்றும் சட்டமூலத்தைக் குடியரசுத் தலைவர் மறுத்துத் திருப்பி அனுப்பலாம். இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் மீண்டும் நிறைவேற்றினால் அது சட்டமாகும். அமைச்சர்கள், தூதர்கள், நீதிபதிகள் ஆகியோரின் நியமனத்துக்குச் செனட்டின் ஒப்புதலும், உடன்படிக்கைகளுக்கு அங்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் தேவை. அரசின் செலவுக்கான நிதியைக் காங்கிரசே ஒதுக்குகிறது. குடியரசுத் தலைவர் மீது பிரதிநிதிகள் அவை குற்றஞ்சாட்டலாம்; அதனைச் செனட் விசாரிக்கும்.

அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தைச் செல்லாததாக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என அரசியலமைப்பில் வெளிப்படையாகக் கூறப்படவில்லை. 1803இல் மார்பரி எதிர் மாடிசன் வழக்கில் தலைமை நீதியரசர் ஜான் மார்ஷல் அளித்த தீர்ப்பே இந்த நீதிமுறை மீளாய்வை நிலைநாட்டியது.

முக்கிய வழக்குகள்

கொரியப் போரின்போது, 1952 ஏப்ரலில், வேலைநிறுத்தத்தால் உற்பத்தி தடைப்படும் எனக் கருதிய குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமன் எஃகு ஆலைகளை அரசு கையகப்படுத்த ஆணையிட்டார். காங்கிரசு அத்தகைய அதிகாரத்தை அளிக்கவில்லை எனக் கூறி, உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் ஆணையைச் செல்லாததாக்கியது. ட்ரூமன் ஆலைகளைத் திருப்பி அளித்தார். காங்கிரசின் இசைவுடன் செயற்படும்போது குடியரசுத் தலைவரின் அதிகாரம் மிகுந்தும், அதன் விருப்புக்கு மாறாகச் செயற்படும்போது மிகக் குறைந்தும் இருக்கும் என்று நீதியரசர் ராபர்ட் ஜாக்சன் இவ்வழக்கில் வகுத்தளித்த அளவுகோல் பிற்காலத் தீர்ப்புகளிலும் பயன்பட்டது.

வாட்டர்கேட் விவகாரத்தில், ஒலிப்பதிவு நாடாக்களை ஒப்படைக்குமாறு 1974 சூலையில் நீதிமன்றம் 8-0 எனத் தீர்ப்பளித்தது. ரிச்சர்ட் நிக்சன் அதற்குப் பணிந்து, ஆகத்து 9 அன்று பதவி விலகினார்.

வரம்புகள்

போரை அறிவிக்கும் அதிகாரம் காங்கிரசுக்கே உரியது. எனினும் கொரியா, வியட்நாம் போர்கள் முறையான போர் அறிவிப்பு இன்றியே நடந்தன. இறுதியாகப் போர் அறிவிக்கப்பட்டது 1942இல் ஆகும். ஆண்ட்ரூ ஜான்சன் (1868), பில் கிளிண்டன் (1998), டோனால்ட் டிரம்ப் (2019, 2021) ஆகியோர் மீது பிரதிநிதிகள் அவை குற்றஞ்சாட்டியும் செனட் எவரையும் பதவி நீக்கவில்லை. 2021இல் 57 பேர் குற்றவாளி என வாக்களித்தனர். தேவையான எண்ணிக்கை 67.

கட்சி அரசியல் இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. குடியரசுத் தலைவரும் காங்கிரசுப் பெரும்பான்மையும் ஒரே கட்சியினராக இருக்கும்போது, தம் அவையின் அதிகாரத்தைவிடக் கட்சியின் நலனையே உறுப்பினர்கள் முன்னிறுத்தக்கூடும். நீதிமன்றத்திடமும் படையோ நிதியோ இல்லை. ஆகவே இத்தடைகளின் வலிமை, அவற்றைப் பயன்படுத்தவேண்டியவர்களின் விருப்பத்தையும் தீர்ப்புக்குப் பணியும் மரபையும் பெரிதும் சார்ந்துள்ளது.