வேட்டிக்குள் மறைத்த குடலிறக்கம்



இரண்டு மாதமாக எதுவும் எழுதவில்லையே என்று பலர் கேட்டிருந்தீர்கள். தொடை இடுக்கில் குடலிறக்கம், அதாவது ஹெர்னியா. அறுவை சிகிச்சை முடிந்தது, நலமாக இருக்கிறேன். மூன்று வருடம் வேட்டியைத் தளர்த்திக் கட்டி மறைத்தேன். "சந்தேகம் கேட்க வெட்கப்படாதே" என்று உங்களுக்குச் சொன்ன அதே வாத்தியார்தான்!

"திறந்து செய்வதா, லேப்ராஸ்கோப்பியா?" என்று மருத்துவர் கேட்டார். பதில் சொல்லுமுன் வரலாற்றைப் படித்தேன்.

இத்தாலியில் எடோர்டோ பாசினி என்ற இளைஞர். 1867-இல் போரில் துப்பாக்கி முனைக் கத்தி அவருடைய தொடை இடுக்கிலேயே பாய்ந்தது. பிழைத்தவர், பிறகு பாதுவா நகரில் அறுவை சிகிச்சைப் பேராசிரியரானார். 1880-களில், பலவீனமான அந்தச் சுவரை அடுக்காகத் தைத்துப் பலப்படுத்தும் முறையைக் கண்டார். அதற்கு முன்பெல்லாம் தைத்தாலும் பலருக்குத் திரும்பவும் இறங்கிவிடும்.

அதிலும் ஒரு குறை. கிழிந்த சட்டையை இழுத்துத் தைத்தால் தையல் ஓரத்திலேயே மறுபடி கிழியும்; ஒட்டுப் போட்டால் நிற்கும். அந்த ஒட்டுதான் வலை. இழுக்காமல் வலை வைக்கும் முறையை 1980-களில் லாஸ் ஏஞ்சலிஸில் லிக்டென்ஸ்டைன் பரப்பினார். 1990-களில் சிறு துளைகள் வழியே, உட்பக்கமிருந்து அதே வலையை வைக்கத் தொடங்கினார்கள்.

எது மேல்? துளை முறையில் வலி குறைவு, சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். ஆனால் பொதுவாக முழு மயக்கம் வேண்டும், செலவும் கூடும். திறந்த முறையை அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தும் செய்யலாம். 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இரண்டு ஆண்டுக்குள் திரும்ப வந்தது துளை முறையில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு, திறந்த முறையில் ஐந்து பேருக்கு. ஆனால் 250-க்கு மேல் துளை முறையில் செய்து பழகியவர்களிடம் அதுவும் ஐந்துக்குக் கீழே இறங்கியது. கருவியைவிடக் கைப்பழக்கம் பெரிது!

எனக்கு ஒரு பக்கம்தான். இதய மாத்திரையும் உண்டு. திறந்த முறையே ஆயிற்று. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு இரண்டு பக்கமும், அதனால் லேப்ராஸ்கோப்பி. என்னைவிட முந்தி எழுந்து நடந்தார், கொஞ்சம் பொறாமைதான்.

என் பெரியப்பாவை உறவினர்களுக்கு நினைவிருக்கும். அவரும் மறைத்தார். குடல் சிக்கி, வண்டி கட்டி ஆஸ்பத்திரி சேர்வதற்குள் போய்விட்டார். வீக்கம் உள்ளே போகாமல் கெட்டியாகி, வலியும் வாந்தியும் வந்தால் அந்த நிமிடமே கிளம்புங்கள். அதுவரை காத்திராமல், வீக்கம் தெரிந்ததுமே மருத்துவரிடம் காட்டுங்கள். வெட்கம் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்