முயல் எழுந்து நின்ற கதை

என் பெரியப்பாவுக்கு பார்க்கின்சன் நோய் வந்து ஆறு வருஷம் ஆகிறது. காலையில் மாத்திரை போடும்வரை சட்டைப் பொத்தானைக்கூட மாட்ட முடியாது. போட்டு முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் தானே பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பார். "இந்த மாத்திரைக்குள்ள அப்படி என்னடா இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டார். நமக்குத் தெரிந்தது கோடு எழுதுவது மட்டும்தான். தேடிப் படித்ததில் கிடைத்த கதை இது.

ஆரம்பம் நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தா. அது ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் 1949ல் ஆங்கில மருத்துவ இதழில் எழுதினார். 1952ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனிக்காரர்கள் அதிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். மனநோய்க்கும் கொடுத்தார்கள். ஆனால் அதைச் சாப்பிட்ட சிலருக்குப் பார்க்கின்சன் மாதிரியே உடம்பு விறைத்துப்போனது. ஏன்?

மூளையில் ஒரு நியூரான் அடுத்த நியூரானுக்குச் சேதி சொல்ல, சின்னப் பைகளில் சேர்த்து வைத்திருக்கும் வேதிப்பொருளை இடைவெளியில் கொட்டுகிறது. எதிர்ப்பக்கத்தில் இருக்கும் ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. ரெசர்பின் வந்தால் அந்தப் பைகளை நிரப்ப முடியாது. சரக்கு வெளியிலேயே சிதைந்து போய்விடும். சரி, தீர்ந்துபோன சரக்கு எது?

ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் அர்விட் கார்ல்சன் 1957ல் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். காது தொங்கி, அசையாமல் கிடந்தன. பிறகு டோபா என்ற அமினோ அமிலத்தை ஊசியில் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் முயல்கள் எழுந்து நடமாடின!

உடம்புக்குள் டோபா முதலில் டோபமைனாகும், அது நார்அட்ரினலினாகும், அதிலிருந்து அட்ரினலின் என்ற ஹார்மோன் வரும். அதனால் டோபமைன் வெறும் இடைப்பொருள், வழியில் வருகிற ஒரு ஸ்டேஷன் என்றுதான் பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள். முயலை எழுப்பியது நார்அட்ரினலின்தான் என்று எதிர்பார்த்து கார்ல்சன் குழு அளந்து பார்த்தது. மூளையில் அது கூடவே இல்லை. கூடியிருந்தது டோபமைன்! இடைப்பொருள் என்று ஒதுக்கியதே சேதிக்காரனாக இருந்திருக்கிறது.

சுலபத்தில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. 1960ல் லண்டனில் நடந்த கூட்டத்தில், நரம்பு வேதியியலின் பெரிய தலையான ஹென்றி டேல் உட்பட பலரும் சந்தேகப்பட்டார்கள். அதே வருஷம் வியன்னாவில் ஓலே ஹோர்னிகீவிச், இறந்துபோன பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையைச் சோதித்தார். அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியில் டோபமைன் மிகக் குறைவு. 1961ல் டாக்டர் பிர்க்மாயருடன் சேர்ந்து நோயாளிகளுக்கு லெவோடோபா ஊசி போட்டார். படுக்கையிலிருந்து எழ முடியாதவர்கள் எழுந்து நடந்தார்கள், சில மணி நேரத்துக்கு.

டோபமைனையே நேரடியாகக் கொடுத்தால் என்ன என்று எனக்கும் தோன்றியது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பை அது தாண்டாது. லெவோடோபா தாண்டும், உள்ளே போய் டோபமைனாக மாறும். புரதத்தின் அமினோ அமிலங்களும் அதே வாசலில்தான் நுழைகின்றன. அதனால்தான் பெரியப்பாவை டாக்டர் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாலேயே மாத்திரை போடச் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு விஷயம். டோபமைனுக்கென்று நிலையான அர்த்தம் கிடையாது. டி1 வகை ஏற்பியில் ஒட்டினால் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி கூடும், டி2 வகையில் ஒட்டினால் குறையும். மெசேஜ் ஒன்றுதான், வாங்கிக்கொள்கிற செல் எது என்பதைப் பொறுத்து நடப்பது மாறும். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். செல்லுக்குள் நடக்கும் இந்தத் தொடரைப் பிரித்துக் காட்டிய பால் கிரீன்கார்டும் எரிக் கேண்டலும் கார்ல்சனுடன் 2000ம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஹோர்னிகீவிச் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

பெரியப்பாவிடம் முயல் கதையைச் சொன்னேன். மாத்திரை நோயைக் குணப்படுத்தாது, குறைவதை ஈடுகட்டும், அவ்வளவுதான் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த முயலுக்கு மருந்து தீர்ந்ததும் என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

திரும்பவும் படுத்துவிட்டது பெரியப்பா. அதனால்தான் வேளை தவறாமல் போடச் சொல்கிறோம்.