வாக்களிக்கும் இடமும் வாக்காளரும்: உள்ளாட்சி வரலாற்றில் ஒரு நோக்கு

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலிலுள்ள பத்தாம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டொன்று, திரைமூர்ச் சபையாரும் திருவிடைமருதில் நகரத்தாரும் கோயில் அலுவலரும் நாடகசாலையில் கூடி ஆரியக்கூத்திற்கு நிலம் வகுத்த செய்தியைக் கூறுகிறது. கூத்துக்கலையை ஆராய்வோர் இதனைப் பெரிதும் எடுத்தாளுவர். நாமோ அவர்கள் கூடிய இடத்தையே இங்குக் கவனிக்க விரும்புகிறோம். ஊர்க் காரியம் கோயில் மண்டபத்தில் முடிவாயிற்று. அம்மண்டபத்திற்குள் வரக்கூடியவரே அதில் பங்குபெற்றனர்.

குடவோலை முறையை மக்களாட்சியின் தொட்டில் எனப் புகழ்வது நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) காட்டும் ஒழுங்கு வியப்பிற்குரியதே. முப்பது குடும்புகள், பெயர் எழுதிய ஓலைகள், அனைவரும் காணக் குடத்தை உயர்த்தும் முதியவர், உள்ளிருப்பதை அறியாமல் ஓலையை எடுக்கும் சிறுவன். எனினும் இது வாக்கெடுப்பு அன்று, திருவுளச்சீட்டு. மத்தியாவைத் தெரிந்துகொண்ட முறையே (அப். 1:26) இதற்கு நெருங்கியது. ஓலையில் பெயர் ஏற, கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயதும் வேண்டியிருந்தன. அந்நிலத்தில் நாற்று நட்டவளின் பெயர் எந்த ஓலையிலும் இல்லை.

ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் வழியே வந்த உள்ளாட்சியிலும் வரி செலுத்துவோரே வாக்காளராயினர். வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை குடியரசோடு வந்தது. ஆயினும் உரிமை ஏட்டில் ஏறுவது ஒன்று, வாக்குச்சாவடியின் படியில் ஏறுவது வேறொன்று. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய தனி ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தேர்தலே முறையாக நடைபெற இயலாதிருந்ததை நாம் மறக்கலாகாது. சாவடியைப் பட்டியலினத்தார் குடியிருப்பிலும் அமைக்கவேண்டும், வழிபாட்டிடத்தில் அமைக்கலாகாது என்னும் தேர்தல் ஆணைய நெறிகளின் பொருள், பழைய மண்டபங்களை நினைக்கும்போதே விளங்கும்.

உடல் ஊனமுற்றோரைச் சட்டம் இன்னும் தாமதமாகவே நினைத்தது. சாவடிகளில் சாய்தளம் அமைக்க உச்சநீதிமன்றம் 2004இல் ஆணையிட்டது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 11ஆம் பிரிவு, மாநிலத் தேர்தல் ஆணையங்களையும் இக்கடமையில் பிணைத்தது. ஆகவே ஊராட்சித் தேர்தலுக்கு விலக்கில்லை. ஆனால் ஊரகத் தேர்தலில் ஒரு தனித் தொல்லை உண்டு. 2019 டிசம்பரில் வாக்காளர் ஒருவருக்கு நான்கு சீட்டுகள் தரப்பட்டன. தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்திற்குப் பச்சை, மாவட்டத்திற்கு மஞ்சள் என நிறத்தால் அவை பிரிக்கப்பட்டன. பார்வையற்றவருக்கு நிறம் என்ன உதவி செய்யும்? துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லச் சட்டம் இடந்தருகிறது; அப்பொழுது இரகசிய வாக்கு இருவர் அறிந்த வாக்காகிறது. சிற்றூரில் இது சிறு காரியமன்று. ஊராட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்க வழிசெய்யும் சட்டத்திருத்தம் 2025இல் நிறைவேறியது. நியமனம் நன்றே, அது வாக்கிற்கு ஈடாகாது.

இது நமக்குப் புறம்பான காரியமன்று. வாக்குச்சாவடிகளாகும் பள்ளிகளுள் திருச்சபைகளின் உதவிபெறும் பள்ளிகளும் உள்ளன. அவற்றின் தாளாளர் பலர் ஆயர்களே. டெல்டாவின் பழைய பள்ளிக் கட்டடங்கள் வெள்ளத்திற்கு அஞ்சி உயர்ந்த அடித்தளத்தின்மேல் கட்டப்பட்டவை. தேர்தல் நாளன்று படியின்மேல் சாய்த்து வைக்கும் பலகை, சக்கர நாற்காலிக்குச் சறுக்குமரமாகும். ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளமுள்ள சாய்தளமும் பிடிமானக் கம்பியும் தேவை. மூன்றடித் திண்ணையாயின் முப்பத்தாறடி. முற்றத்தில் அதற்கு இடமுண்டா என்பதை இப்பொழுதே அளந்து பார்க்கலாம்.