பெண்களைப் பாதிக்கும் ஃபிஸ்டுலா: வகைகளும் காரணங்களும்

உடலின் இரு உறுப்புகளுக்கு இடையே இயல்புக்கு மாறாகத் திறந்துகொள்ளும் வழியே மருத்துவத்தில் ஃபிஸ்டுலா எனப்படுகிறது. ஆசனவாய்க்கு அருகில் தோன்றும் ஃபிஸ்டுலாவைத் தமிழர்கள் பவுத்திரம் என்ற பெயரில் அறிவார்கள். பெண்களின் இடுப்புக்குழியில் ஏற்படும் ஃபிஸ்டுலாக்கள் அதிலிருந்து வேறுபட்டவை. இவற்றால் சிறுநீரோ மலமோ பிறப்புறுப்பின் வழியாக இரவு பகலாகக் கசிகிறது.

துவாரம் எங்கே ஏற்படுகிறது என்பதைக் கொண்டு இவை வகைப்படுத்தப்படுகின்றன. சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையே ஏற்படுவது பரவலாகக் காணப்படும் வகை. மலக்குடலுக்கும் யோனிக்கும் இடையே ஏற்படுவது மற்றொரு வகை. சிறுநீரகத்திலிருந்து சிறுநீரைக் கொண்டுவரும் குழாய் காயமுற்று யோனியுடன் இணைந்துவிடுவது மூன்றாவது வகை. ஒரே பெண்ணுக்கு ஒன்றுக்கும் மேற்பட்ட துவாரங்கள் இருப்பதும் உண்டு.

காரணங்கள் நாட்டுக்கு நாடு மாறுபடுகின்றன. வளர்ந்த நாடுகளில் கருப்பை அகற்றும் அறுவை சிகிச்சையின்போது நேரும் காயம், புற்றுநோய்க்கான கதிர்வீச்சு, குரோன் எனப்படும் குடல் அழற்சி நோய் ஆகியவை முக்கிய காரணங்கள்.

ஆப்பிரிக்காவிலும் ஆசியாவின் வறிய பகுதிகளிலும் முதன்மையான காரணம் நாட்கணக்கில் நீடிக்கும் பிரசவ வலி. வெளிவர முடியாத குழந்தையின் தலை, தாயின் இடுப்பெலும்போடு சேர்த்து மென்மையான திசுக்களை நசுக்குகிறது. ரத்த ஓட்டம் தடைப்பட்ட திசு இறந்து, சில நாட்களில் உதிர்ந்து துவாரமாகிறது. பெரும்பாலும் குழந்தையும் இறந்தே பிறக்கிறது. கொங்கோவின் கிழக்குப் பகுதியிலோ போர்க்கால பாலியல் வன்முறையும் ஒரு காரணம். அங்கு பாதிக்கப்பட்ட பெண்களுக்குச் சிகிச்சை அளித்துவரும் மருத்துவர் டெனிஸ் முக்வேகேவுக்கு 2018ஆம் ஆண்டின் நோபல் சமாதானப் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது.

ஆண்டுதோறும் 50,000 முதல் 1,00,000 பெண்கள் வரை மகப்பேற்று ஃபிஸ்டுலாவால் பாதிக்கப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. துர்நாற்றத்தின் காரணமாகப் பலர் கணவராலும் ஊராராலும் ஒதுக்கப்படுகிறார்கள். சிகிச்சை இருக்கிறது என்பதையே அறியாமல் ஆண்டுக்கணக்கில் மறைந்து வாழ்பவர்களும் உண்டு.

சிறிய துவாரங்கள், தொடக்கத்திலேயே கவனிக்கப்பட்டுச் சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டால் தாமாகவே மூடக்கூடும். மற்றவற்றுக்கு அறுவை சிகிச்சை தேவை. எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் காத்தரின் ஹாம்லினும் அவரது கணவர் ரெஜினால்டும் 1974இல் இதற்கெனவே ஒரு மருத்துவமனையை நிறுவினார்கள். பல்லாயிரக்கணக்கான பெண்கள் அங்கு சிகிச்சை பெற்றிருக்கிறார்கள்.

ஆனால் அறுவை சிகிச்சையால் மட்டும் இப்பிரச்சினை தீர்ந்துவிடாது. வலி தொடங்கிய பெண்ணைப் பயிற்சி பெற்ற தாதி ஒருவர் கவனிக்கவும், தேவைப்பட்டால் உரிய நேரத்தில் சிசேரியன் செய்யவும் வசதியுள்ள நாடுகளில் மகப்பேற்று ஃபிஸ்டுலா ஏறக்குறைய மறைந்துவிட்டது. எஞ்சிய இடங்களில் அது நீடிப்பதற்குக் காரணம் மருத்துவ அறிவின் போதாமையல்ல. கிராமத்திற்கும் மருத்துவமனைக்கும் இடையிலான தூரம், வறுமை, பெண்ணின் உயிருக்கு அரசுகள் அளிக்கும் முன்னுரிமை ஆகியவையே அதைத் தீர்மானிக்கின்றன.