எல்லை நிலமும் புலம்பெயர் எழுத்தும்: நாஞ்சில் நாடனை முன்வைத்து

1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. முதலிரண்டும் நாஞ்சில் நாடு எனப்படும் வயல்வளம் மிக்க மருத நிலமாகும். ஆட்சியெல்லை மாறினும் மலையாளச் சொற்கள் விரவிய பேச்சுத்தமிழ் மாறவில்லை.

இந்நிலத்திற் பிறந்த சுப்பிரமணியம் 1972இல் வேலையின் பொருட்டு மும்பை சென்றார். ஊர்ப்பெயரையே தம் பெயராக்கி, நாஞ்சில் நாடன் என்ற பெயரில் 'தலைகீழ் விகிதங்கள்' (1977) நாவலை அங்கிருந்த காலத்திலேயே வெளியிட்டார். தாராவி, மாதுங்கா, செம்பூர் எனத் தமிழர் செறிந்த பகுதிகள் உள்ள நகரில் இருந்துகொண்டு அவர் எழுதியது நாஞ்சில் நாட்டு வாழ்வையே. இதனை வட்டார நாவல் என்று மட்டும் வகைப்படுத்துவது போதாது. தொலைவே அவ்வட்டாரத்தைத் துலக்கியது என்பது நம் கருத்து.

போகிமியக் காட்டை வியன்னாவில் வாழ்ந்தவாறு செருமன் மொழியில் எழுதிய அடால்பர்ட் ஸ்டிஃப்டர் இங்கு ஒப்புநோக்கத்தக்கவர். எனினும் வேறுபாடு பெரிது. அவர் பிறந்த நிலத்துச் செருமானியர் பெரும்பாலோர் 1945க்குப் பின் வெளியேற்றப்பட்டனர். நாஞ்சில் நாட்டில் எல்லைதான் நகர்ந்தது, மக்கள் நகரவில்லை. அவர்களைப் பின்னர் நகர்த்தியது பிழைப்பு. 'மிதவை' (1986) நாவலின் படித்த இளைஞன் வேலை தேடிச் சென்னைக்கும், அங்கிருந்து மும்பைக்கும் செல்கிறான். அந்நகரோ 1960 முதல் இன்னொரு மொழிவழி மாநிலத்தின் தலைநகர்.